ராடு மாற்றியும் ஸ்டியரிங் ஆடுகிறதா?

பழைய டிராக்டரில் டை ராடு, டிராக் லிங்க் எல்லாம் புதிதாக மாற்றிய பிறகும் ஸ்டியரிங் ஆடுவதுண்டு. செலவு வீண் என்று நினைக்க வேண்டாம். தேய்மானம் வேறு இடத்திலும் இருக்கலாம்.

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியானால், இன்ஜினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரங்களை நேராக வைக்கவும். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் லேசாக அசைக்க, மற்றவர் கீழே பார்க்க வேண்டும். ஸ்டியரிங் அசைந்தும் டிராப் ஆர்ம் அசையாவிடில் கோளாறு பெட்டிக்குள் உள்ளது. பெட்டியே அசைந்தால் அதன் போல்ட்டுகள் தளர்ந்துள்ளன. ஆர்ம் அசைந்தும் லிங்க் அசையாவிடில் பால் ஜாயிண்ட்டைக் கவனிக்கவும். புதியதாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது. ஆர்மின் துளை தேய்ந்திருந்தால் ஜாயிண்ட்டின் கூம்புத் தண்டு அதில் இறுகி உட்காராது. தகரம் சுற்றி முறுக்குவது பெரும் ஆபத்து. ஆர்மையே மாற்ற வேண்டும்.

ஆட்டம் தீர, பெட்டியின் திருகை ஒரேயடியாக இறுக்குவோரும் உண்டு. பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். அங்கே ஆட்டமே இல்லாதபடி இறுக்கினால் திருப்பத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டி, பேரிங், கிங் பின் தேய்மானத்தையும் பார்க்கவும். நட்டுகளுக்குப் புதிய ஸ்பிளிட் பின் போட்டு, முன்சக்கர டோ-இன் அளவைக் கையேட்டின்படி சரிசெய்யவும். அதுவரை டிரெய்லர் பூட்டிச் சாலையில் ஓட்ட வேண்டாம்.