இராசகோபாலப் பீரங்கி

தஞ்சை மாநகரின் கீழவாசல் பகுதியில், பழைய கோட்டைக் கொத்தளமான பீரங்கி மேட்டில் இராசகோபாலப் பீரங்கி அமைந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவான இதன் நீளம் ஏறத்தாழ 7.5 மீட்டர், எடை ஏறத்தாழ 22 டன்.

இஃது உருக்கி வார்த்ததன்று; காய்ச்சி அடித்து இணைத்தது. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களைக் கொல்லர்கள் அடுத்தடுத்துச் செருகினர். வெப்பத்தில் விரிந்த வளையம் குளிரும்போது சுருங்கிப் பட்டைகளை இறுகப் பற்றும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்குப் பட்டை கட்டுவதும் இம்முறையிலேதான். வார்ப்பிரும்பு வெடிமருந்தின் அதிர்வில் சிதறக்கூடும். தேனிரும்பு எளிதில் நொறுங்காது.

ஆயினும், வாய்க்கால்களும் சேற்று வயல்களும் நிறைந்த காவிரிப் படுகையில் இப்பெருஞ்சுமையைப் போர்முனைதோறும் இழுத்துச் செல்வது அரிது. அதன் காவல் கோட்டையோடு நின்றது. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையைக் கைப்பற்றியது. பீரங்கி தன் மேட்டிலேயே இருந்தது.

பீரங்கிக்கு நடை தந்த நெடுமுயற்சியின் விளைவே டாங்கி. 1916இல் பிரான்சுப் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய அவ்வூர்தி, தன் எடையைச் சங்கிலிப் பட்டைகளின்மேல் பரப்பி மென்னிலத்தையும் கடக்கும். சென்னையை அடுத்த ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கி, 120 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுமந்து விரைகிறது. தஞ்சைக் கொல்லர் பூட்டிய வளையங்களோ, நானூறாண்டு வெயிலையும் மழையையும் தாங்கி, இன்றும் நெகிழாதிருக்கின்றன.