தீவுச் சாலையில் பழைய டீசல் கார்: அதிர்வடக்கிகளைத் தேர்ந்தெடுத்தல்

அந்தமான் தீவுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றில் கடலுப்பு எந்நாளும் கலந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் செல்லும் நெடுஞ்சாலை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இத்தகைய சாலையில் ஓடும் பழைய காரின் ‘ஷாக் அப்சார்பர்’ என்னும் அதிர்வடக்கி தேய்ந்துபோனால், பயணத்தின் சுகம் மட்டுமன்றிப் பாதுகாப்பும் குறைகிறது. மாற்று உறுப்புகள் பெரும்பாலும் கப்பலில் வரவேண்டியிருப்பதால், தவறான தேர்வு பல நாட்களை வீணாக்கும்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அதிர்வடக்கி அன்று. பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் ஓயாது ஆடும் இயல்புடையது. அதிர்வடக்கியினுள் உள்ள பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, அவ்வாட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. இது செயலிழந்தால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு இல்லை. ஆகவே ஈரமான வளைவில் கார் வழுக்கும். பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரமும் கூடும்.

அதிர்வடக்கியின் உடலில் எண்ணெய் வழிந்திருத்தல், டயர் ஆங்காங்கே குழிவாகத் தேய்தல், ரப்பர் புஷ் வெடித்திருத்தல் ஆகியன பழுதின் அறிகுறிகள். காரின் மூலையை அழுத்திவிட்டால் அது ஒருமுறை எழுந்து அமைதியுற வேண்டும் என்பது பலரும் அறிந்த சோதனை. ஆயினும் இதனை மட்டும் நம்புதல் தகாது. 2014ஆம் ஆண்டு வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டுவந்த அம்பாசடர் காரில் பின்புறம் பட்டை ஸ்பிரிங்குகள் உள்ளன. உப்புக் காற்றில் துருவேறிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தைத் தாமே தடுக்கும். அதனால் கெட்டுப்போன அதிர்வடக்கியும் நல்லதுபோல் தோன்றும். கழற்றிக் கையால் இழுத்தும் அழுத்தியும் பார்ப்பதே தெளிவான சோதனை. இடையில் தடையின்றி நழுவுமாயின் அது பயனற்றது.

புதியதை வாங்குமுன் மூன்று செய்திகளை உறுதிசெய்தல் வேண்டும். முதலாவது, எஞ்சின் வகை. டீசல் எஞ்சின் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குமாறு கனமாக வார்க்கப்படுவது. எனவே, பெட்ரோல் காருக்குரிய முன்புற அதிர்வடக்கி அளவில் பொருந்தினும், வேலையில் பொருந்தாதிருக்கலாம். இரண்டாவது, முழுதும் நீட்டிய நீளம், முழுதும் சுருங்கிய நீளம், இரு முனைகளின் அமைப்பு ஆகியவை. நீட்டிய நீளம் குறைந்தால், சக்கரம் தொங்கும்போது அதிர்வடக்கி இழுபட்டு முறியும். சுருங்கிய நீளம் மிகுந்தால் அதன் அடி இடிபடும். மூன்றாவது, வகை. சாதாரண எண்ணெய் வகை மென்மையானது. ஆனால் கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்துத் தடை குறையும். நைட்ரஜன் வாயு அடைத்த வகையில் நுரைத்தல் குறைவு.

மிகக் கடினமானதே சிறந்தது எனக் கருதுதல் பிழை. கடினமான அதிர்வடக்கி தன் விசையைச் சட்டத்திலுள்ள பொருத்துமிடத்தின்மீது செலுத்துகிறது. துருவால் மெலிந்த இடம் அதனால் கிழியக்கூடும். ஆதலின் முதலில் துருவைச் சுரண்டி, உலோகத்தின் திண்மையைப் பார்த்து, வேண்டுமாயின் பற்றவைத்துச் சீர்செய்தபின்பே புதியதைப் பொருத்துக. தண்டில் உப்பினால் புள்ளிப்பள்ளம் விழுந்தால் அது சீலை அறுத்துவிடும். ஆகவே தூசியுறை உள்ளதையே தேர்ந்தெடுத்தல் நன்று.

ஓர் அச்சிலுள்ள இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். இரட்டைக் குழாய் வகையை நிமிர்த்திப் பிடித்துச் சில முறை இயக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுக. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக முறுக்குக; தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகுண்டு விரைவில் கிழியும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே காட்டலாம். ஸ்பிரிங் ஒன்றில் எடையையும் அதன்கீழ் ஒரு தகட்டையும் தொங்கவிட்டு, முதலில் காற்றிலும், பின்னர் தகட்டை நீரிலும், அடுத்து எண்ணெயிலும் அமிழ்த்தி ஆடவிடுக. ஒவ்வொரு முறையும் எத்தனை ஆட்டத்தில் அது ஓய்கிறது என்பதை மாணவர்கள் எண்ணிக் குறித்தால், காரின் அடியிலுள்ள உறுப்பின் வேலை விளங்கிவிடும்.