கதையில் இடம் விட்டு வை

அன்புள்ள கண்ணா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே டன்ஜன் மாஸ்டராக, அதாவது பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை நடத்துபவராக, உட்காரப் போகிறாய், அதற்காக நாற்பது பக்கத்துக்குக் கதை எழுதி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்துவிட்டது. ஆனாலும் அந்த நாற்பது பக்கத்தைக் கொஞ்ச நாள் பெட்டியில் வை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நான் எழுதிய முடிவை நோக்கியே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒருவர் கையிலும் பகடை இல்லை. என் குரல் மட்டும்தான் கேட்டது. நல்ல சாகசக் கதை ஆட்டக்காரர்களுக்கு இடம் விட்டு வைக்கும் என்று அன்றைக்குப் புரிந்தது. அப்படிப்பட்ட மூன்றை இன்றும் திரும்பத் திரும்ப நடத்துகிறேன்.

முதலில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' நடத்து. 2014-இல் வந்த ஸ்டார்ட்டர் செட் என்ற தொடக்கப் பெட்டியில் இருப்பது. வழியில் செத்துக் கிடக்கும் குதிரைகள், புதரில் ஒளிந்திருக்கும் காப்ளின் பூதங்கள் என்று உடனே சூடுபிடிக்கும். அவர்களுடைய குகைக்குத் தலைவன் க்ளார்க். அவனுக்கு அடுத்தவன் யீமிக், கைதியை விளிம்பில் நிறுத்திக்கொண்டு பேரம் பேசுவான்: தலைவனைத் தீர்த்துக் கட்டுங்கள், இவனை விட்டுவிடுகிறேன். இந்த இடத்தில் அவசரப்படாதே. ஒரு குழு யீமிக்கோடு சேர்ந்துகொண்டது. இன்னொரு குழு நேரே க்ளார்க்கிடம் போய் யீமிக்கைக் காட்டிக்கொடுத்தது. எதிரிக்கும் ஓர் ஆசை இருந்தால் சண்டைக்கு முன்னால் பேச்சு பிறக்கும்.

அடுத்தது 'தி ஹாண்டிங்'. 1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுலு' விளையாட்டில் வருவது. 1920-களின் பாஸ்டன் நகரம்; குடியிருந்தவர்களைப் பைத்தியமாக்கிய ஒரு வீடு. அங்கே கால் வைப்பதற்கு முன்பே பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் புரட்டிப் பார்க்கலாம். அந்தத் துணுக்குகளை நீயே காகிதத்தில் எழுதி அவர்கள் கையில் கொடு. தாங்களாகவே தேடித் தெரிந்துகொண்டதைத்தான் அவர்கள் நம்புவார்கள். நிலவறைப் படிகளில் இறங்கும்போது வரும் பயம் அந்த நம்பிக்கையிலிருந்து வருவது.

கை பழகிய பிறகு 'ரேவன்லாஃப்ட்'. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதி 1983-இல் வெளிவந்தது. அச்சுக்குப் போகும் முன் ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் தங்கள் நண்பர்களோடு அதை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். கோட்டைக்குள் வாழும் ரத்தக்காட்டேரி ஸ்ட்ராட்; அவனை வீழ்த்த உதவும் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் குறிசொல்லும் கிழவி விரிக்கும் சீட்டுகள் முடிவுசெய்யும். சீட்டு மாறினால் வாள் கிடக்கும் இடமும் மாறும். இருபது முறை நடத்தினாலும் அலுக்காது. சீட்டைக் கலைத்துப் போடும் நேரத்தில் உனக்கே கதை தெரியாது என்பதுதான் அதன் அழகு.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது, கவனித்தாயா? எழுதியவர் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். ஞாயிறன்று குதிரைகளைக் காட்டு, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேள், பிறகு பேசாமல் இரு. அந்த மௌனம் நீளமாகத் தோன்றும். பொறுத்துக்கொள், அதற்குள்தான் அவர்கள் யோசிக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுது. புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத எதையாவது அவர்கள் செய்திருந்தால், அதை முதலில் எழுது.

அன்புடன்,
சித்தி