தோட்டத்து உடம்பும் தீராத வலியும்

கேள்வி: அம்மா பால்மரம் சீவியவர், வயது 63. தோளும் இடுப்பும் காலையில் இறுகிப்போகின்றன. பல கிளினிக் ஏறியும் நோயின் பெயர் தெரியவில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தோட்டத்தில் உழைத்த உடம்பு அப்படித்தான் என்று அனுப்பிவிடுவது அநியாயம். ஐம்பது வயதுக்கு மேல், முக்கால் மணி நேரத்துக்கும் அதிகமாக இப்படி இறுகினால் பாலிமயால்ஜியா ருமாட்டிகாவாக இருக்கலாம். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் செய்தார்களா? தைராய்டு குறைவும், கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையும்கூட தசைவலி தரும். எல்லாம் சரியாக இருந்தும் உடம்பு முழுக்க மூன்று மாதத்துக்கு மேல் வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியாவை யோசிக்க வேண்டும்; அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அரசு கிளினிக்கில், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். புதிதாகத் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.