ஓடைக் கரைக்கு உயிர்வேலி

பெருமழை ஓய்ந்ததும் பேராதனைப் பாலத்தில் சற்று நின்று மகாவலியைப் பாருங்கள். நீர் செந்நிறமாய்க் கலங்கி ஓடும். அந்த நிறம் எங்கிருந்து வந்தது? நமது தோட்டங்களிலிருந்தும், இடிந்து விழும் ஓடைக் கரைகளிலிருந்தும் வந்த மண் அது.

இது இன்று தொடங்கியதன்று. கண்டி மலைகளில் முதலில் கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் வண்டல் படிகிறது. கண்டி நகரம் குடிப்பதும் இந்த ஆற்று நீரையே. மண்ணோடு உரமும் கழிவும் அதில் சேருகின்றன.

கல்லும் சீமெந்தும் கொண்டு கரை கட்ட எல்லோராலும் இயலாது. செடி நட இயலும். எப்படி?

முதலாவது, வெட்டிவேர். இதன் வேர் பக்கவாட்டில் பரவாது; மூன்று மீற்றர் வரை நேரே கீழிறங்கி மண்ணைப் பிடிக்கும். தூர்களைப் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே, அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நடுங்கள். ஓடிவரும் நீர் அங்கே வேகம் தணியும், மண் தங்கும், தெளிந்த நீரே ஓடையில் இறங்கும். வாசனைக்காக வேரைத் தோண்டினால் கரையும் கூடவே போய்விடும்.

இரண்டாவது, நீரோரத்தில் மருதும் மூங்கிலும். இவை ஈரத்தைத் தாங்கும். செங்குத்தான கரையின் உச்சியில் பெருமரம் வேண்டாம். அதன் பாரமே கரையைச் சரிக்கும்.

மூன்றாவது, மேட்டில் கிளிரிசீடியாக் கம்புகள். அடிப்பக்கம் கீழாக ஆழ ஊன்றினால் வேர்விடும். தழை எருவாகும்.

மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். வெள்ளம் வருமுன் வேர் பிடிக்க வேண்டும். கரை விளிம்புவரை கொத்தாதீர்கள். கானில் குப்பை கொட்டாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, அது மண்சரிவின் அறிகுறி. அங்கே செடி நட்டுக் காலம் போக்காமல் குடும்பத்தோடு விலகி, கிராம சேவையாளருக்கு அறிவியுங்கள்.

மேலே இருப்பவர் விட்ட மண், கீழே இருப்பவரின் குடத்தில் சேறாகிறது. அயலவரை நேசிப்பது என்பது இதையும் சேர்த்துத்தான். வரும் மழைக்குமுன் உங்கள் ஓடைக் கரையில் ஒரு வரிசையாவது நடுவீர்களா?