அடைபட்ட கார்புரேட்டர்: அரை நாள் வேலையில் ஒரு பாடம்

சங்கத்திலிருந்து நூல் சிப்பத்தை வீட்டிற்குக் கொண்டுவருவதும், நெய்த சேலைகளைத் திரும்பக் கொண்டுசேர்ப்பதும், விடியற்காலையில் காய்கறி மூட்டையைச் சந்தைக்குச் சுமப்பதும் நம்மில் பலருக்குப் பழைய மோட்டார் சைக்கிள்தான். மழை மாதங்களில் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்த வண்டியைப் பொங்கலுக்கு முன் எடுத்தால், அது கிளம்ப மறுக்கிறது. பட்டறைக்குத் தள்ளிச் சென்றால், 'கார்புரேட்டர் போய்விட்டது, புதிது போடவேண்டும்' என்ற தீர்ப்புக் கிடைக்கிறது. புதியதன் விலையோ சில ஆயிரம் ரூபாய். பெரும்பாலான சமயங்களில் கார்புரேட்டர் போய்விடவில்லை, அடைபட்டிருக்கிறது, அவ்வளவே. இருநூறு முந்நூறு ரூபாய்ச் செலவில் அதை நாமே சுத்தம் செய்துகொள்ளலாம்.

அடைப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெட்ரோல் பல சரக்குகளின் கலவை. நின்ற வண்டியின் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலில், எளிதில் ஆவியாகும் பாகம் முதலில் போய்விடுகிறது. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து பிசினாக இறுகுகிறது. நாட்பட்டால் அப்பிசின் வார்னிஷ் பூசியதுபோல் காய்ந்துவிடும். இப்போது விற்கும் பெட்ரோலில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2025-ஆம் ஆண்டு முதல் அதில் 20 விழுக்காடு எத்தனால் சேர்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஆதலால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதையும் காணலாம். சொட்டு நீர்ப் பாசனக் குழாயில் உப்புப் படிந்து சொட்டான் அடைபடுவதைக் கண்ட விவசாயிக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் விற்பனையான மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. ஆகவே இப்பாடம் அதற்கு முந்தைய வண்டிகளுக்கே. பழைய புல்லட்டை மனத்திற்கொண்டு எழுதுகிறோம். சிறிய வண்டிகளிலும் அமைப்பு ஏறக்குறைய இதுவே.

நோயின் குறியைக் கொண்டு அடைபட்ட இடத்தை ஊகிக்கலாம். சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் அணைந்தால், அல்லது ஆக்ஸிலரேட்டரை முறுக்கியபடியே இருந்தால்தான் உயிரோடிருந்தால், பைலட் ஜெட் அடைபட்டிருக்கும். மெதுவாக ஓடி, வேகத்தில் திணறினால் மெயின் ஜெட்டைப் பார்க்கவேண்டும். பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால் மிதவையின் ஊசி வால்வில் அழுக்கு. இவற்றைக் குறை கூறுமுன் பெட்ரோல் டேப்பில் எண்ணெய் தடையின்றி வருகிறதா, பிளக்கில் பொறி உண்டா என்று பார்த்துவிடுவது நலம். இரண்டு நிமிட வேலை. இதை விட்டுவிட்டு ஒரு நாளை இழந்தவர்கள் உண்டு.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒரு சொல். தறி மேடையிலோ தறிக்கூடத்திலோ இதைத் தொடவே கூடாது. அங்கே பஞ்சுத் துகளும் பாவும் நூலும் இருக்கின்றன; பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள விளக்கையோ ஊதுவத்தியையோ எட்டவல்லது. திறந்த வெளியில், மர நிழலில் உட்கார்ந்து செய்க. வடித்த பழைய பெட்ரோலைக் கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது.

டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திப் பெட்ரோலை ஒரு டப்பாவில் வடிக்கவும். மேல்மூடியைக் கழற்றினால் கேபிளோடு ஸ்லைடும் அதில் தொங்கும் நீண்ட ஊசியும் வெளிவரும். ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்க. பின்னர் கார்புரேட்டரை இறக்கவும். காற்றுத் திருகைக் கழற்றுமுன், மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடி தட்டுகிறது என்று எண்ணி எழுதிவைக்கவேண்டும். மிதவையின் அச்சுக் கம்பியைச் சுத்தியால் அடிக்கவேண்டாம். அதைத் தாங்கும் சிறு தூண்கள் உடைந்தால் கார்புரேட்டர் உண்மையிலேயே போய்விடும். பைலட் ஜெட் ஆழமான குழியில் ஒளிந்திருக்கிறது. அதன் காடிக்குப் பொருந்தும் ஒடுங்கிய திருப்புளி இல்லையேல், வாங்கிய பின்பே தொடங்குக.

இனி முக்கியமான இடம். பிசினைக் குடைந்து எடுக்கக் கூடாது, கரைத்து எடுக்கவேண்டும். நாம் முதன்முறை இவ்வேலையில் இறங்கியபோது, பொறுமையின்றி ஒரு தையல் ஊசியைப் பைலட் ஜெட்டில் விட்டுக் குடைந்தோம். வண்டி கிளம்பியது, மகிழ்ந்தோம். ஆனால் பிளக் கரி பிடித்துக்கொண்டே இருந்தது, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை அகன்றுபோயிற்று. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே துளையின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். புது ஜெட் வாங்கிப் போட்ட பின்னரே அத்தொல்லை தீர்ந்தது.

ஆகவே பித்தளை ஜெட்டுகளை, பெயிண்டுக் கடையில் கிடைக்கும் தின்னரில், மூடிய கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு ஊறவிடவும். ரப்பர் வளையங்களும் பிளாஸ்டிக் மிதவையும் தின்னரில் படக் கூடாது. அவை உப்பிக் கெடும். ஊறிய ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும். தெரியாவிடில், மின்கம்பியின் மெல்லிய செப்பு இழை ஒன்றை மெதுவாகச் செலுத்தலாம். செம்பு பித்தளையைவிட மென்மையானது. அதுவும் நுழையாவிட்டால் இன்னும் ஓர் இரவு ஊறட்டும்.

உடற்பகுதியைப் பழைய பல் துலக்கியால் தின்னர் தொட்டுத் தேய்த்து, வாடை போகச் சோப்பு நீரில் கழுவவும். பிறகு கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி வெளியே கொண்டுவந்து அதில் அமிழ்த்தி வைக்கவும். அடுப்பின்மேல் வைத்துக் காய்ச்சவேண்டாம். நீர் ஆறியதும் மீண்டும் ஒருமுறை. வெள்ளைப் பொடி இருந்தால் நீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழியலாம். ஆனால் பத்து நிமிடத்திற்கு மேல் விடவேண்டாம், அமிலம் உலோகத்தையும் அரிக்கும். அந்தப் பாத்திரம் பின்னர்ச் சமையலுக்கு உதவாது.

கடைசியில் காற்று. பஞ்சர்க் கடைக் கம்ப்ரஸர் இதற்குப் போதும். கண்ணை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் காற்றை விட்டு, மறுபுறம் வருகிறதா என விரலால் உணரவேண்டும். பலரும் ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு, பைலட் ஜெட்டிலிருந்து இன்ஜின் பக்கம் செல்லும் நுண்வழியை மறந்துவிடுகிறார்கள். வண்டி மறுபடியும் சோக்கிலேயே ஓடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கழற்றிய வரிசைக்கு எதிராகப் பூட்டுக. ஸ்லைடின் வெட்டிய முனை காற்று வடிகட்டிப் பக்கம் இருக்கவேண்டும். காற்றுத் திருகை முன்பு எண்ணிய சுற்றுக்கே வைக்கவும். குறிப்புத் தவறிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் கசிவு பார்த்தபிறகே உதைக்கவேண்டும். இன்ஜின் சூடேறியபின் காற்றுத் திருகைக் கால் சுற்று இப்படியும் அப்படியுமாகத் திருப்பி, ஓட்டம் சீராக இருக்கும் இடத்தில் நிறுத்துக.

அடுத்த முறை வண்டியை ஒரு மாதத்திற்கு மேல் நிறுத்துவதாயின், டேப்பை மூடிவிட்டு இன்ஜினைத் தானே அணையும்வரை ஓடவிடவும். அப்போதும் கிண்ணத்தின் அடியில் சிறிது பெட்ரோல் தங்கும். அடித்திருகைத் தளர்த்தி அதையும் வடித்துவிட்டால் பிசின் பிடிக்க அங்கே ஒன்றும் இராது.