பட்டியலும் அகராதியும்

மாணவர்களே, மளிகைக்கடையில் கணக்கர் தொகை காணும் முறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, உப்பு 1 கிலோ வேண்டுமெனச் சீட்டு நீட்டுகிறார். ஒரு கிலோவின் விலை முறையே 60, 150, 20 ரூபாய் என்று கொள்வோம். கணக்கர் அளவை விலையால் பெருக்கி, 300, 300, 20 எனப் பெற்று, அவற்றைக் கூட்டி 620 ரூபாய் என்பார். இதனைக் கணிப்பொறி செய்யுமாறு எங்ஙனம் என்று காண்போம்.

கணிப்பொறிக்கு ஆணையிடுதற்கென ஆக்கப்பட்ட மொழிகளுள் பைதான் ஒன்று. நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம் என்பார் அதனை 1991-இல் வெளியிட்டார். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதலாக, அளவு, விலை, மொத்தம் என்னும் பெயர்களைத் தமிழிலேயே இட்டு எழுத இயலும். தமிழ் படித்தார்க்கு இஃது உவகை தருவதாகும்.

அளவுகளை ஒரு பட்டியலாகவும் விலைகளை மற்றொரு பட்டியலாகவும் எழுதினால், ‘ஜிப்’ என்னும் ஆணை அவற்றை இணையிணையாகச் சேர்த்துத் தரும். பையின் ஜிப்பை இழுக்குங்கால் இருபுறப் பற்களும் ஒன்றோடொன்று கோத்துச் செல்வதை இதற்கு உவமையாகக் கூறலாம். மொத்தத்தை முதலில் 0 என வைத்து, ஒவ்வோர் இணையையும் பெருக்கி அதனோடு கூட்டிவரின் விடை கிட்டும்.

இங்கு ஓர் இடர் உண்டு. உப்பின் விலையை எழுத மறந்தோமாயின், ஜிப் இரண்டு இணைகளோடு வாளா நின்றுவிடும். விடை 600 என்றே வரும். 2021-இல் வந்த 3.10 பதிப்பில், நீளம் ஒவ்வாவிடில் பிழையெனக் காட்டுமாறு ‘ஸ்ட்ரிக்ட்’ என்பதனைச் சேர்த்தனர். ஆயினும் ஒருவர் விலைகளை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் என்னாகும்? அரிசி 20, பருப்பு 60, உப்பு 150 என்றாகி, மொத்தம் 370 என வரும். நீளம் ஒத்திருத்தலின் ஸ்ட்ரிக்டும் இதனை அறியாது. வணிகர் 250 ரூபாய் இழப்பார்.

ஆதலின், விலையை இடத்தோடு பிணையாது பெயரோடு பிணைத்தல் நன்று. அதற்குரிய அமைப்பைப் பைதானில் ‘டிக்ட்’ என்பர். அகராதி என்பது அதன் பொருள். இளமையில் நிகண்டை மனப்பாடம் செய்தவன் நான். ஒரு சொல்லுக்காகச் செய்யுளை முதலிலிருந்து ஓதிப் பார்த்த நாள்கள் பல. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியோ, வேண்டிய சொல்லை அகரவரிசையில் நேரே புரட்ட வழி செய்தது. பைதானின் அகராதி அகரவரிசையையும் நாடுவதில்லை. பெயரிலிருந்தே ஓர் எண்ணைக் கணித்து, விலை இருக்குமிடத்திற்கு நேரே செல்கிறது.

சீட்டில் நெய் இருந்து, அகராதியில் நெய் இல்லையெனில், ‘கீ எரர்’ என்று காட்டி வேலை நின்றுவிடும். இதனைத் தொல்லையெனக் கருதுவோர், ‘கெட்’ என்னும் ஆணையால், இல்லாத பெயருக்கு 0 என்று கொள்ளுமாறு எழுதுவதுண்டு. அப்பொழுது நெய் இலவசமாகப் போய்விடும். விலைச்சீட்டிலோ குறையொன்றும் தோன்றாது. நாள் முழுதும் விற்ற எடையைப் பொருள்வாரியாகக் கூட்டுங்கால் அந்த 0 பொருத்தமே. அன்று முதன்முறையாக விற்கும் பொருளின் முந்தைய எடை உண்மையிலேயே 0 அன்றோ? விலை காணுமிடத்து அங்ஙனம் எழுதலாகாது. வேலை நின்றால் கணக்கர் நெய்யின் விலையைக் கேட்டு, அகராதியில் சேர்த்து, மீண்டும் இயக்குவார்.